இருநூறாவது பறவை

காலை ஐந்து நாற்பதுக்கு அர்ஃபா ஸ்பீக்கரைச் சம்புப் புதருக்குள் கட்டினாள்.

உள்ளங்கையில் அடங்கும் ஸ்பீக்கர். பச்சைப் பையில் சுற்றி, நான்கு சம்புத் தண்டுகளைச் சேர்த்து, தண்ணீருக்கு ஒரு முழம் மேலே வைத்துக் கட்டினாள். மெமரி கார்டில் ஒரே பதிவு. முதல் ஒன்றரை மணி நேரம் மௌனம். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று ஊதல்கள். வெற்றுக் குடத்தின் வாயில் யாரோ ஊதுவது போன்ற ஒலி. அதை எழுப்பிய பறவை எங்கோ வடதேசத்து நாணலுக்குள் நின்று, இணையைத் தேடி ஊதியிருக்கிறது.

கரையேறிக் காலைக் கழுவினாள். கணுக்காலில் அட்டை ஒன்று. பிய்த்து எறிந்தாள்.

பள்ளிபாளையத்தைத் தாண்டிக் கோரைப்பள்ளம் என்ற ஓடை காவிரியில் சேர்கிறது. சேருமுன் அகன்று, நாற்பது ஏக்கர் சதுப்பாகத் தேங்குகிறது. சம்பு, கோரை, கரையோரம் நெய்வேலிக் காட்டாமணக்கு. சதுப்புக்கும் ஆற்றுக்கும் நடுவே மருதந்தோப்பு. வெள்ளைப் பட்டை மரங்கள், இடையில் புங்கன், நொச்சி, தொட்டால் ஊரல் எடுக்கும் பூனைக்காலிக் கொடி. வருவாய்த்துறைப் பதிவேட்டில் இதற்குப் பெயர் தரிசு.

அர்ஃபா பதினொரு வருடமாக ஞாயிறுதோறும் இங்கே வருகிறாள். மற்ற நாட்களில் ஊரில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை. நுண்ணோக்கியில் ரத்த அணுக்களை எண்ணுவாள். சந்தேகம் வந்தால் மறுபடி முதலிலிருந்து எண்ணுவாள். தப்பான எண் ஒன்றை எழுதினாள் என்று யாரும் இதுவரை சொன்னதில்லை.

இன்று பொங்கல் கழிந்த ஞாயிறு. பறவைக் கணக்கெடுப்பு நாள். ஆறு பத்துக்குக் குழு வரும். குழுவின் செயலாளர், மூக்குக்கண்ணாடி போட்ட குருமூர்த்தி, கிழக்குக் கரையில் போவார். அவருக்கு முழங்கால் வலி. அங்கேதான் முள் குறைவு. ஏழு பத்துக்கு இந்த இடத்துக்கு வருவார்.

அவள் கணக்கு அதுதான்.

*

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு பிப்ரவரியில், மருதந்தோப்பில் பூமன் ஆந்தை குடியிருந்தது.

அர்ஃபா அதைக் கழிவால் கண்டுபிடித்தாள். மரத்தடியில் நண்டு ஓடு, மீன் முள், தவளை எலும்பு. அண்ணாந்தாள். பொந்தின் இருட்டிலிருந்து மஞ்சள் கண்ணொன்று அவளைப் பார்த்தது. அவள் பின்வாங்கினாள். அதன் பிறகு எப்போதும் ஐம்பது அடி தள்ளியே நின்றாள். முப்பத்தோராவது நாள் பொந்தின் விளிம்பில் குஞ்சின் தலை தெரிந்தது. பஞ்சுருண்டை போல. அன்று வீட்டுக்குப் போய் அம்மா மஸ்தான் பீவியிடம் மட்டும் சொன்னாள்.

"ஆந்தையா? அத எதுக்குடி போய்ப் பாக்கற?" என்றாள் அம்மா. பிறகு, "பெருசா இருக்குமா?" என்றாள்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. அரிய பறவையின் கூட்டைக் கண்டவர் இடத்தை ஒரு தாளில் வரைந்து, உறையில் போட்டு ஒட்டிச் செயலாளரிடம் கொடுத்துவிட வேண்டும். கண்டவருக்கு ஏதாவது ஆனாலும் குறிப்பு தொலையக்கூடாது என்பதற்காக. குஞ்சு பறந்த பிறகுதான் உறையைப் பிரிக்கலாம். அதுவரை யாரும் கேட்கக் கூடாது.

அம்மாவுக்குச் சேலம் அஸ்தம்பட்டியில் மூட்டு அறுவை சிகிச்சை நடந்தது. பத்து நாள் அங்கே தங்க வேண்டியிருந்தது. போகுமுன் அர்ஃபா வரைபடம் வரைந்தாள். உறையை மூன்று சுற்று டேப் போட்டு ஒட்டினாள். குருமூர்த்தியிடம் கொடுத்தாள்.

ஆறாம் நாள் ஆராயி போன் செய்தாள். ஆராயி பள்ளத்தில் கோரை அறுப்பவள்; அர்ஃபா அந்த மரத்தை அண்ணாந்து நிற்பதைப் பார்த்திருந்தாள். ஐந்து எருமைகளுக்குத் தீனி அங்கிருந்துதான்.

"அம்மிணி, உங்க ஆந்தை போச்சுங்."

"எங்க போச்சு?"

"உங்க மூக்குக்கண்ணாடிக்காரரு ரெண்டு கேமராக்காரங்களோட வந்தாருங். மறைக்குதுன்னு கெளைய வெட்டுனாங்க. அப்பறம் போன்ல ஆந்தை மாதிரியே கத்த உட்டாருங். பத்து மணி வெயில்ல. தாய்க்காரி வேற ஆந்தை வந்துருச்சுன்னு வெளிய பாஞ்சுது. காக்கா சும்மா இருக்குமா? ஒரு நூறு காக்கா. இது அங்குட்டுப் போக, நாலு காக்கா பொந்துக்குள்ள போயிருச்சு."

"குஞ்சு?"

"நீங்களே வந்து பாத்துக்கங்க அம்மிணி," என்றாள் ஆராயி.

ஊர் திரும்பிய அன்றே அர்ஃபா தோப்புக்குப் போனாள். மிச்சம் இருந்தது ஓர் இறக்கையும் ஒரு காலும். நொச்சிப் புதரடியில் புதைத்தாள். பிறகு குருமூர்த்தி வீட்டுக்குப் போனாள். அவர் உறையை மேசையிலிருந்து எடுத்து அவளிடமே கொடுத்தார். டேப்பைக் கத்தியால் ஒழுங்காக அறுத்திருந்தார்.

"குஞ்சு பறந்தப்பறம்தான் பிரிக்கோணும் சார்."

"செயலாளர்னு ஒருத்தன் எதுக்கும்மா இருக்கறான்? உறைய அடைகாக்கறதுக்கா?"

"குஞ்சு செத்துப்போச்சு."

"ஒரே ஒரு குஞ்சு. அடுத்த வருசம் இன்னொண்ணு பொரிக்கும். அந்தப் படத்தைப் பாரு. இந்த ஜில்லாவுல எவன்கிட்ட இருக்குது அப்படி ஒரு படம்?"

குழுக் கூட்டத்தில் அவர் ஆந்தை தானாக வெளியே வந்தது என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த ஆண்டு அந்தப் படம் ஒரு காலண்டரில் வந்தது. ஏப்ரல் மாதத்துத் தாள். விரித்த சிறகு, திறந்த அலகு, பின்னால் மங்கலாக ஒரு காகம். பரிசோதனைக்கூடத்தில் நுண்ணோக்கிக்கு நேர் எதிரே அந்தக் காலண்டர் மாட்டப்பட்டது. ஏப்ரல் முழுக்க அர்ஃபா அதன் எதிரே உட்கார்ந்து அணுக்களை எண்ணினாள். மே பிறந்தபோது தாளைக் கிழித்து மடித்து, அந்த உறைக்குள் வைத்தாள்.

ஆந்தை திரும்பி வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. இப்போது அந்தப் பொந்தில் தேனீ கூடு கட்டியிருக்கிறது.

*

ஆறு பத்துக்குக் குருமூர்த்தியோடு நான்கு பேர் வந்தார்கள். மூவர் மேற்குக் கரைக்குப் போனார்கள். குருமூர்த்தியோடு எப்போதும் போகும் காளியப்பன் வரவில்லை. பொங்கலுக்குக் கெங்கவல்லி போனவர் அங்கேயே காய்ச்சலில் படுத்துவிட்டார்.

"அப்ப நீயே எங்கூட வா," என்றார் குருமூர்த்தி. "ரெண்டு வருசமாத் தள்ளித் தள்ளி நடக்கற. இன்னிக்குத் தப்ப முடியாது."

"வாரேன் சார்."

பனி விலகவில்லை. இலைக்கோழிகள் ஆகாயத்தாமரை மேல் நடந்தன. நீலத்தாழைக்கோழி ஒன்று கோரைக் கிழங்கைக் காலால் பிடித்துக் கடித்தது. அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். முக்குளிப்பான் பதினான்கு. நாமக்கோழி எழுபத்திரண்டு. அவர் எழுபத்தைந்து என்று எழுதினார்.

"எழுபத்திரெண்டுங்க சார்."

"கூடக் கொஞ்சம் சேத்து எழுதறதும்மா. பொதருக்குள்ள மூணு இருக்காதா?"

ஆற்றோரப் பாறையில் நீர்நாயின் எச்சம் இருந்தது. மீன் செதில் மின்னியது. அர்ஃபா குனிந்து முகர்ந்தாள். ஈரம் காயவில்லை. இரவுதான் வந்து போயிருக்கிறது. ஒரு கணம் அவளுக்குச் சம்புக்குள் கட்டியது மறந்துபோனது.

"உனக்குத் தெரியுமா?" என்றார் குருமூர்த்தி. "இந்தப் பள்ளத்துல மட்டும் நான் நூத்தித் தொண்ணூத்தொம்பது வகை பாத்திருக்கறேன். மூணு வருசமா அதே நம்பர். பெரண்டு படுத்தாலும் தொண்ணூத்தொம்பதுதான் ஞாபகம் வருது."

"இன்னிக்குக் கெடைக்கும் சார்."

ஏழு பன்னிரண்டுக்குச் சம்பு ஊதியது.

அவர் கையைத் தூக்கினார். வாய் லேசாகத் திறந்திருந்தது. மூன்று ஊதல். பிறகு மௌனம். அவர் அசையாமல் ஐந்து நிமிடம் நின்றார். மறுபடியும் மூன்று ஊதல்.

"கேட்டியா?"

"கேட்டுச்சுங்க சார்."

"பெருங்குருகு," என்றார் மெல்ல. "பெருங்குருகும்மா! இமயமலைக்கு அந்தப்பக்கம் இருந்து வாரது."

குளிர்காலத்தில் பெருங்குருகு அபூர்வமாகத் தெற்கே வருவதுண்டு. ஆனால் ஊதாது. ஊதல் அது இணைசேரும் நிலத்துக்கு மட்டுமே. தை மாதத்தில் காவிரிக் கரையில் பெருங்குருகின் ஊதலைக் கேட்டேன் என்று எழுதியவனைப் பறவை தெரிந்தவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். வருடக்கணக்கில் சிரிப்பார்கள். அவர் இதுவரை எழுதிய எல்லாவற்றையும் பார்த்துச் சிரிப்பார்கள். ஆந்தையைப் பகலில் வெளியே இழுத்த அதே வித்தையால் அவரை வெளியே இழுத்தாயிற்று. காகங்களைக் கூப்பிடுவதுதான் மிச்சம். அடுத்த ஞாயிறு குழுக் கூட்டம். சுற்றுவட்டாரக் குழுக்களும் வருகின்றன. எல்லோர் முன்னாலும் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்பது என்று வைத்திருந்தாள். பிறகு ஸ்பீக்கரை மேசைமேல் வைப்பது.

அவர் படிவத்தில் எழுதினார். கண்டது என்ற கட்டத்தை விட்டுவிட்டுக் கேட்டது என்ற கட்டத்தில் குறியிட்டார். பிறகு பேனாவை அவளிடம் நீட்டினார்.

"அரிய பறவைக்கு ரெண்டு கையெழுத்து. போடு."

காளியப்பன் போட்டிருக்க வேண்டிய கையெழுத்து. அர்ஃபா பேனாவை வாங்கினாள். விரல் குளிர்ந்திருந்தது. போட்டாள்.

*

பகலில் ஸ்பீக்கரை எடுக்கப் போனாள். தண்டுகள் இருந்தன. கட்டு அவிழ்ந்திருந்தது. ஸ்பீக்கர் இல்லை.

செவ்வாய்க்கிழமை செய்தித்தாளில் வந்தது. கோரைப்பள்ளத்தில் அரிய பெருங்குருகு. குருமூர்த்தியின் படம். கீழே இன்னொரு செய்தி. பள்ளத்தை மண்ணடித்து மூடி லாரி ஷெட் கட்ட சின்னராஜ் என்பவர் நிலம் கேட்டிருந்தார். அதை எதிர்த்துக் குழு முன்பே கொடுத்திருந்த மனு எங்கோ கிடந்தது. இப்போது அந்த மனு தூசி தட்டி எடுக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை அதிகாரி நேரில் வந்து பார்க்கிறார். அதுவரை மண் கொட்டத் தடை.

அர்ஃபா செய்தியை இரண்டு முறை படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

மாலையில் ஆராயி வாசலுக்கு வந்தாள். மடியிலிருந்து பச்சைப் பையை எடுத்தாள்.

"இது உங்களுதுங்களா அம்மிணி?"

அர்ஃபா வாங்கிக்கொண்டாள்.

"அறுக்கப் போனா என்னமோ ஊதுது. எரும கன்னு சேத்துல மாட்டிக்கிச்சாட்டம் இருக்குதுன்னு எறங்கிப் பாத்தா இந்தக் கருமம். நிறுத்தத் தெரியாம ஊட்டுல தலகாணிக்கு அடியில போட்டேன். எங்கூட்டுக்காரரு பேய்னு எந்திரிச்சு ஓடுனாருங்." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "மூக்குக்கண்ணாடிக்காரருக்கு வெச்சதுங்களா?"

"ஆமாக்கா."

"நல்லா வெச்சீங்க. அந்தக் குஞ்சு கத்துனது இன்னும் என்ற காதுலதான் இருக்குது. அந்தாளு மானம் சந்தி சிரிக்கறத நானும் பாக்கோணும்." கொண்டையை முடிந்துகொண்டாள். "ஆனா இந்தக் குருவிக்குத்தான ஆபீசரு வாராருங்கறாங்க. குருவி பொய்யின்னா ஆபீசரு திரும்பிப் போயிருவாருங்களா?"

"போயிருவாரு."

"மண்ணக் கொட்டிப்போடுவாங்க."

"ஆமா."

"அப்ப அஞ்சு எருமைய ஓட்டிக்கிட்டு உங்க ஊட்டுக்குத்தான் வரோணும். உங்கம்மா தீனி போடுவாங்களா?"

அது வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் பதிலுக்காக ஆராயி கொஞ்ச நேரம் நின்றாள்.

*

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அதிகாரி வருவதாக இருந்தது. அர்ஃபா ஒன்பதரைக்கே மருதந்தோப்புக்குப் போனாள். தோள்பையில் உறையும் ஸ்பீக்கரும் இருந்தன. குருமூர்த்தி பொந்து மரத்தடியில் நின்றிருந்தார். தேனீக்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா," என்றார் திரும்பாமல். "அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா, கடியாரம் பாத்து, மூணே மூணு தரம் ஊதற குருகு ஒலகத்துல எங்கயாவது இருக்குதாம்மா?"

அர்ஃபாவின் கை பைமேல் நின்றது.

"மொதல் தரம் ஏமாந்தேன். ஒத்துக்கறேன். ரெண்டாந்தரம் ஊதுனப்ப உன்ற மூஞ்சியப் பாத்தேன். நீ சம்பப் பாக்கல. என்னையப் பாத்துட்டு நின்ன." அவர் இப்போது திரும்பினார். "தை மாசத்துல அது ஊதாதுன்னு எனக்குத் தெரியாதா? முப்பது வருசமா இந்த வேலையப் பண்றேன்."

"தெரிஞ்சே எழுதுனீங்களா?"

"எழுதுனேன். ரெண்டு வருசமா இந்த மனுவத் தூக்கிட்டு அலையறேன். நீலத்தாழைக்கோழி இருக்குது, நீர்நாய் இருக்குதுன்னா எவன் கேக்கறான்? இமயமலைன்னு ஒரு வார்த்தை. கார் ஏறி வாரான். நீ வெச்ச கண்ணி நல்லாத்தான் வேல செய்யுது."

"குழுவுல சொல்லுவேன் சார். ஸ்பீக்கர் எங்கிட்ட இருக்குது."

"சொல்லு. கையெழுத்து ரெண்டு இருக்குது. நான் பொய்யன்னா நீயும்தான்."

"எம்பேரு போனாப் போவட்டும்."

அவர் அவளையே பார்த்தார். முதன்முறையாக அவர் குரல் இறங்கியது. "இந்தா பாரு. ஆந்தைக்கு நான் பண்ணுனதுக்கு இது சரியாப் போச்சுன்னு வெச்சுக்கவேன்."

சரியாப் போச்சு. அர்ஃபா அந்தச் சொற்களை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். நொச்சிப் புதரைப் பார்த்தாள். அவர் நின்ற இடத்திலிருந்து ஆறடிகூட இல்லை. அந்தப் புதரடியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அவர் கேட்டதுமில்லை.

"ஆகல சார்," என்றாள்.

கரையில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

*

அதிகாரி சுவாமிநாதன் நடுவயதுக்காரர். சேற்றில் இறங்கத் தயாராகக் கேன்வாஸ் ஷூ போட்டு வந்திருந்தார். சின்னராஜ் வெள்ளை வேட்டியில் நின்றார். அவர் பின்னால் பத்துப் பேர். குழுவினர் ஒரு பக்கம். காளியப்பன் மஃப்ளர் சுற்றி வந்திருந்தார். ஆராயி கோரைக் கட்டைத் தலையிலிருந்து இறக்கி, அதன்மேலேயே உட்கார்ந்தாள். அரிவாள் மடியில்.

"பாம்பும் கொசுவும் கெடக்கற எடமுங்க," என்றார் சின்னராஜ். "முப்பது லாரி நின்னா அம்பது குடும்பத்துக்குச் சோறு. இவங்க என்னடான்னா குருவிங்கறாங்க. அதுக்கு ஃபோட்டோ இருக்குதுங்களா? ஆதார் இருக்குதுங்களா?"

அவர் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ஏனுங்க," என்றாள் ஆராயி உட்கார்ந்தபடியே, "உங்க லாரி மட்டும் சேத்துல மொளைக்குதுங்களா? மேட்டுல நிறுத்துனா அழுதுருமா?"

இந்தப் பக்கம் சிரித்தார்கள். அதிகாரியும் லேசாகச் சிரித்தார். படிவங்களைப் புரட்டினார்.

"சார், பட்டியல் நல்லாத்தான் இருக்குது," என்றார் குருமூர்த்தியிடம். "ஆனா இதுல நூத்தித் தொண்ணூத்தொம்பது பறவை எல்லா ஏரியிலயும் இருக்கறதுன்னு சின்னராஜ் எழுதிக் குடுத்திருக்கறாரு. நானும் விசாரிச்சேன். நெசம்தான். மேல எழுதறதுக்கு எனக்கு இருக்கறது இந்த ஒண்ணுதான்."

"அது போதுமே சார்."

"போதும். உறுதியா இருந்தாப் போதும். ஃபோட்டோ இல்ல. யாரும் கண்ணுல பாக்கல. கேட்டதோட சரி. ரெண்டு கையெழுத்து இருக்குது. ஒண்ணு உங்களுது. நீங்க மனுதாரர். உங்க வார்த்தைய நான் தனியா எடுத்துக்க முடியாது." விரலை அடுத்த பெயரில் வைத்தார். "அர்ஃபா யாருங்க?"

அர்ஃபா முன்னால் வந்தாள்.

வலது கை பைக்குள் இருந்தது. உறையின் அறுபட்ட விளிம்பு விரலில் பட்டது. அதன் கீழே ஸ்பீக்கர். பொத்தான் எங்கே என்று பார்க்காமலே தெரிந்தது. முந்தைய இரவே பதிவின் தொடக்கத்து மௌனத்தை வெட்டி எடுத்திருந்தாள். இப்போது அழுத்தினால் உடனே ஊதும்.

குருமூர்த்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நன்றாகத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். கண்ணாடி இல்லாத அவர் முகத்தை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை. கண்கள் சிறியவை. வெயிலுக்குக் கூசின.

பின்னால் ஆராயி எழுந்து நின்றாள். சம்புக்குள் கானாங்கோழி ஒன்று கத்தி அடங்கியது.

அதிகாரி படிவத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இது நீங்க போட்ட கையெழுத்துதானுங்களே? சொல்லுங்கம்மா, அந்தப் பறவை நெசமாவே இங்க ஊதுச்சுங்களா?"